புகை படாத உப்பு

மேசைமேல் மூன்று சிறு புட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்றைக் கிளாரன்ஸ் நான்கு நாளாகத் தொடவில்லை. அதற்குள் இருந்தது அவன் மனைவி ஜெனவீவின் மூளையில் வளர்ந்த கட்டியின் காய்ந்த துணுக்கு. அவள் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

அது 1984, மலேசியா. சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு ரப்பர் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. ரப்பரில் என்ன கலந்திருக்கிறது என்று அகச்சிவப்புக் கதிர் செலுத்திப் பார்க்கும் கருவி அவன் பொறுப்பு. ஒவ்வொரு பொருளும் அந்தக் கதிரைத் தன் போக்கில் விழுங்கும். பேனா அதைக் காகிதத்தில் கோடாக இழுக்கும்.

ஜெனவீவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பரஞ்சோதி பினாங்கிலிருந்து வந்திருந்தார். குருண் ஊர்ப்பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நவமணிக்கு மூளையில் கட்டி. புற்றா, காசநோய்க் கட்டியா என்று நுண்ணோக்கியில் தெளிவாகவில்லை. புற்றென்றால் மறுபடி தலையைத் திறக்க வேண்டும். காசநோயென்றால் மாத்திரை போதும். புற்றென்று உறுதியான துணுக்கு ஒன்றையும் காசநோயென்று உறுதியானது ஒன்றையும் வைத்து நவமணியுடையதை இந்தக் கருவியில் ஒப்பிட்டால் துப்புக் கிடைக்கலாம், வெறும் முயற்சிதான் என்றார். புற்றுக்கு அவரிடம் உலர்த்தி வைத்திருந்தது ஜெனவீவுடையது மட்டுமே.

"முடியாதுன்னா சொல்லிருங்க கிளாரன்ஸ். நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

துணுக்கை ஒருவகை உப்புத் தூளோடு அரைத்து வில்லையாக அழுத்த வேண்டும். உப்பில் ஈரம் ஆகாது. அடைமழைக் காலம், ஆய்வுக்கூடத்தில் உலர்த்தும் அடுப்பும் கெட்டுக் கிடந்தது. நவமணியின் கணவர் முனியாண்டி அதே தொழிற்சாலையில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்டுக் காயவைப்பவர். யாரையும் கேட்காமல் உப்புத் தட்டைப் புகைக்கொட்டகையில் வைத்தெடுத்து, காலையில் பெருமையோடு கொண்டுவந்து கொடுத்தார்.

கிளாரன்ஸ் வழக்கம்போல் முதலில் வெறும் உப்பைச் சோதித்தான். நேராக வர வேண்டிய கோடு மேடும் பள்ளமுமாக வந்தது. தட்டை முகர்ந்தான். ஷீட்டு வாசம்.

"கெடுத்துட்டேனா தம்பி?"

"உப்புதான் போச்சு அண்ணே. அக்காவோட துணுக்கு பத்திரமா இருக்கு."

"ஷீட்டே காயுது, உப்பு காயாதான்னு நெனைச்சேன்."

"காய்ஞ்சிருக்கு. புகையும் ஏறியிருக்கு. இதுக்குப் புகை மட்டும் ஆகாதுண்ணே."

ஈரம் படாத, பிரிக்காத புட்டி ஒன்றில் மூன்று வில்லைக்கு மட்டும் உப்பு இருந்தது. புதிதாக வரவழைக்க ஒரு மாதமாகும். நவமணியால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. கிளாரன்ஸ் ஜெனவீவின் புட்டியை முதலில் திறந்தான். துணுக்கை உப்போடு அரைத்து, வில்லையாக அழுத்திக் கதிர் செலுத்தினான். பிறகு மற்ற இரண்டு.

காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தான். நவமணியின் கோடு ஜெனவீவின் கோட்டை விட்டு விலகி, காசநோய்க் கோட்டோடு ஒட்டிப் போனது. தொலைபேசியில் சொன்னான். மற்ற சோதனைகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன என்று டாக்டர் மாத்திரையைத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் கட்டி சுருங்கியது.

செய்தி வந்த அன்று கிளாரன்ஸ் ஜெனவீவின் கோட்டை எடுத்து நெடுநேரம் பார்த்தான். அவளைக் கொண்டுபோன கட்டி அது. நவமணிக்கு அவள் கொடுத்ததும் அதுதான். அவள் போனபிறகு முதல்முறையாக அவன் ஜெபத்தில் நன்றி சொன்னான்.

மறு ஆண்டு கல்லறைத் திருநாளன்று அவன் ஜெனவீவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது முனியாண்டியும் நவமணியும் வந்தார்கள். நவமணி கல்லறைமேல் செவ்வந்திப் பூ வைத்து, அங்கேயே கைகூப்பி நின்றாள். முனியாண்டி சட்டைப் பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்தார். பற்றவைக்கவில்லை. கிளாரன்ஸைப் பார்த்தார்.

"புகை ஆகுமா தம்பி?"

கிளாரன்ஸ் தீப்பெட்டியை நீட்டினான்.

"இங்க ஆகும்ணே."