காந்தம் எடுக்கும் பெட்டி

“மறுபடியும் வரல,” என்றார் அவர்.

“எது வரல?”

“எதுவா? பாப்பா பேசுறதுதான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னறையில், பழுது பார்க்கக் கழற்றிப் போட்ட ரெக்கார்ட் பிளேயர்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். எங்கள் மகள் பாடிய ஒரே ரெக்கார்ட் சுற்றிக்கொண்டிருந்தது. பதினெட்டு வயதில் பாடினாள். இருபதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். பாட்டுக்கு முன்னால், மைக் திறந்திருப்பது தெரியாமல், பக்கத்தில் நின்ற அவரிடம் கிசுகிசுப்பாள்: “அப்பா, ஆரம்பிக்கவா?” முப்பது வருடமாக எங்களுக்கு ஞாயிறு என்றால் அந்த இரண்டு வார்த்தைதான். பாட்டெல்லாம் அதற்கு மேல் கொசுறு.

அது அவருக்குக் கேட்காமல் போய் எட்டு மாதம்.

பிளேயரில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கேட்டது. அவருக்குத்தான் காது போய்க்கொண்டிருந்தது. கதவைத் தட்டினால் எழுந்து போவார். காலிங் பெல் அடித்தால் அசைய மாட்டார். பாட்டு காதில் விழும், கிசுகிசுப்பு விழாது.

முதல் தடவை “உனக்குக் கேக்குதா?” என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்தேன். காதை வைத்துப் பிழைத்த மனுஷன். “சத்தத்துல ஒரு நூல் பிசிறினாலும் சொல்லிடுவேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சவால் விட்டவர். என் நாக்கு புரண்டுவிட்டது.

“எனக்கும் கேக்கலைங்க.”

“பாத்தியா! எங்கயோ கோளாறு இருக்கு.”

அன்றிலிருந்து தேடினார். ரெக்கார்டைக் கழுவினார், ஒயரை மாற்றினார், ஊசியின் பாரத்தைக் கூட்டிக் குறைத்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தார்.

சோப்புக்கட்டி அளவில் ஒரு பழைய தகரப் பெட்டி. இரண்டு துளை, ஒரு பொத்தான், ஒரு சின்ன விளக்கு. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் நாளாக ஆக வேண்டாத காந்தம் ஏறி, சத்தம் மங்கிப்போகும். இந்தப் பெட்டியோடு ஒயரைச் சேர்த்துப் பொத்தானை அழுத்தினால் காந்தம் இறங்கிவிடும். ஆனால் எல்லாக் கார்ட்ரிட்ஜுக்கும் ஆகாது. “சுருள் ஆடுற வகைக்கு மட்டும்தான் இது. காந்தம் ஆடுற வகைக்கு அந்தக் காந்தம்தான் உயிரே. அது பக்கம் இதைக் கொண்டு போனா, மருந்து குடுக்கிறேன்னு கழுத்தை நெரிச்ச கதைதான்” என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! எங்கள் வீட்டில் இருப்பது அந்த இரண்டாவது வகை.

“என்னங்க, இது நம்ம பிளேயருக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?”

“ஒரே தடவை. பத்து எண்ணுற நேரம்.”

“வேணாங்க. கெட்டுப் போயிடும்.”

“வேற எல்லாம் பாத்தாச்சு. உனக்கும்தானே கேக்கல? ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா காது போகும்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் ஒயரைப் பெட்டியில் செருகினார். பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்து, மெல்ல மெல்ல மங்கி, அணைந்தது.

திரும்பப் போட்டபோது பாட்டே கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அது அவருக்குக்கூடத் தெரிந்தது.

“கொன்னுட்டேன்,” என்றார்.

“வேற ஊசி போட்டா சரியாயிடாதா?”

“வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும்?”

அந்த நேரம் பார்த்துக் கணக்கு டீச்சர் கதவைத் தட்டினாள். பழுது பார்க்கக் கொடுத்திருந்த பிளேயரை வாங்கிப்போக வந்தவள்.

“டீச்சர், உங்க பிளேயர்ல ஒரு ரெக்கார்ட் போட்டுப் பாத்துக்கலாமா?”

“தாராளமா போடுங்க சார்.”

நான் குறுக்கே புகுந்தேன். “அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். விடுங்களேன்.”

“எனக்கென்னம்மா வேலை? நூத்தம்பது பரீட்சைத் தாள் கெடக்கு. எவ்வளவு லேட்டாப் போறேனோ அவ்வளவுக்குப் புள்ளைங்களுக்கு ஆயுசு,” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

ஊசியை இறக்கினார். உள்ளங்கையைக் காதோரம் குவித்துக் குனிந்தார். டீச்சரின் பிளேயரில் அந்தக் கிசுகிசுப்பு இன்னும் துல்லியமாக வந்தது. வார்த்தைக்கு முன்னால் பாப்பா மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. அப்புறம் பாட்டு தொடங்கியது.

“இதுலயும் வரல,” என்று நிமிர்ந்தார். “அப்ப ரெக்கார்டுதான் தேஞ்சுபோச்சு. அவ்வளவுதான்.”

“எது சார் வரல?”

“பாட்டுக்கு முன்னாடி ஒரு பேச்சு இருக்கும்.”

“‘அப்பா, ஆரம்பிக்கவா’ன்னு ஒரு பொண்ணு கேக்குதே, அதுவா? பளிச்சுன்னு வந்துச்சே சார்!”

அவர் முதலில் ஊசியைத் தூக்கி, அதன் இடத்தில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு?”

“கேட்டுச்சு.”

“இன்னைக்கா?”

“எல்லா வாரமும்.”

டீச்சர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். “நான் அப்புறமா வர்றேம்மா” என்று பிளேயரைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

திட்டுவார் என்றுதான் நின்றேன். தொழிலைப் பற்றிப் பேசுவார், ஏன் மறைத்தாய் என்று கத்துவார் என்று.

“காது போனாப் போகட்டும்,” என்றார். “எட்டு மாசமா அவ பேசுறதை நீ மட்டும் தனியா உக்காந்து கேட்டியா? நான் பக்கத்துலயே இருந்தேனே.”

“உங்க மனசு உடைஞ்சிடுமேன்னு...”

“நான் இல்லாம கேட்டுட்டியே.”

ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டார்.

“இப்ப எப்படிச் சொல்றா? சொல்லிக் காட்டு,” என்றார்.

அவர் காதருகே குனிந்து, அவளைப் போலவே கிசுகிசுத்தேன்.

“ம்?”

மறுபடியும் சொன்னேன்.

“கேக்கல. சத்தமாச் சொல்லு.”

சத்தம் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கடைசியில் தெருவுக்கே கேட்கிற மாதிரி, என் கிழட்டுக் குரலில், “அப்பா! ஆரம்பிக்கவா!” என்று கத்தினேன்.

கேட்டுவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ இப்படிக் கத்தவே மாட்டா,” என்றார்.