பொம்மைக்குக் கொடுத்த இருபத்திரண்டு நிமிஷம்

கடிகாரம் உள்ளே வந்தால் கை தூங்க வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டாத சட்டம் அது. மேலேயிருந்து யாராவது நேரம் எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், ஐந்து நிமிஷ வேலை எட்டு நிமிஷமாகும். ஸ்பானர் கை தவறிக் கீழே விழும். நேற்றுவரை வெண்ணெயாய்ச் சுழன்ற போல்ட்டுக்குத் திடீரென்று துருப் பிடித்துவிடும். இன்றைக்கு வேகம் காட்டினால் நாளைக்கு அதுவே கட்டளை, அப்புறம் ஆயுசுக்கும் ஓட வேண்டியதுதான் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருவர் காதில் ஒருவர் போட்டுவிடுவார்கள்.

ஆகவே மாடி அறையிலிருந்து படக்காரம்மா வந்து, "அக்கா, இன்னிக்கு நீங்க செய்யுறதை அப்படியே பதிவு பண்ணப்போறோம்" என்று குட்டையக்காவின் தோளிலும் முழங்கையிலும் முட்டியிலும் பட்டன் மாதிரிச் சின்னச் சின்னக் கருவிகளை ஒட்டியபோது, குட்டையக்கா தன் கைகளைத் தூங்கப் போட்டாள்.

அவள் வேலை இதுதான். செதுக்கும் இயந்திரங்கள் இரண்டு, அவற்றுக்கு நடுவே தண்டவாளத்தில் ஓடும் ரோபோக் கை ஒன்று. அந்தக் கை, பம்புக்காக வார்த்த இரும்பான காஸ்டிங்கை எடுத்து இயந்திரத்துக்குள் வைக்கும், செதுக்கி முடித்ததும் வெளியே எடுத்து அடுக்கும். ஒரு ஷிப்டுக்கு ஐந்து வகைப் பம்ப். வகை மாறும்போது ரோபோவுக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், கண் இமைப்பதற்குள் புதுப் பாடம் ஏறிவிடும். ஆனால் காஸ்டிங்கை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்சர் என்ற இரும்புப் பலகை தானாக மாறாது. வேலிக் கதவைத் திறந்து யாராவது உள்ளே போக வேண்டும். ஆறு போல்ட்டைக் கழற்றி, சங்கிலிக் கப்பியில் பழசைத் தூக்கி, செதுக்கியதில் உதிர்ந்த இரும்புச் சுருளை வாரித் துடைத்து, புதுசை இறக்கி, ஆறு போல்ட்டையும் முறுக்கி, டயல் வைத்து மட்டம் பார்த்து வெளியே வர வேண்டும். காலை ஷிப்டில் அந்த யாராவது குட்டையக்கா. பிற்பகலில் நெட்டையன்.

உள்ளபடி பதினைந்து நிமிஷ வேலை. அன்றைக்கு இருபத்திரண்டு ஆக்கினாள்.

மெதுவாகச் செய்வது வேகமாகச் செய்வதைவிடக் களைப்பான காரியம் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு அசைவையும் பிடித்து நிறுத்தி, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இழுப்பது போல் உடம்பை இழுத்துப்பிடிக்க வேண்டும். வெளியே வந்தபோது முட்டி இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. தன் ஷிப்டுக்கு முன்கூட்டியே வந்து, ஏதோ வேலை பார்ப்பது போல் வேலிக்கு வெளியே நின்றிருந்த நெட்டையன், "ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணுற மாதிரியில்ல போல்ட்டு கழட்டுற! நல்லா இருந்துச்சு போ" என்று உதடு அசையாமல் சொன்னான்.

நான்கு நாள் கழித்து மேலாளர் அவர்களை மாடி அறைக்குக் கூப்பிட்டார். படக்காரம்மா கம்ப்யூட்டரில் படம் வரைகிறவள். இயந்திரம், தண்டவாளம், வேலி, கப்பி எல்லாமே அவள் திரைக்குள் ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தன. கீழே நடக்கப்போவதை முதலில் அங்கே ஓட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் திரைக்குள் மனிதனுக்குப் பதில் நீல நிறப் பொம்மை ஒன்று உண்டு. மூஞ்சி கிடையாது, வியர்வை கிடையாது, கேட்ட நேரத்துக்கு வந்து நிற்கும். எனவே தொழிலாளர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு மாப்பிள்ளை உயரம் குறைந்திருந்தான். வேலிக்குள் போய், இடுப்பில் கைவைத்துக் குனிந்து, கப்பியை எட்டக் குதிகாலை உயர்த்தி, முறுக்கி முடித்த பின் ஒரு பெருமூச்சுக்கு நின்றான்.

"ஐயோ, அக்காவேதான்!" என்று நெட்டையன் தொடையில் தட்டிச் சிரித்தான். "மாப்பிள்ளை பொண்ணாயிட்டானே!"

குட்டையக்காவுக்கும் சிரிப்பு வந்தது. தான் அப்படியா இடுப்பில் கைவைக்கிறோம் என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. திரையின் மூலையில் நேரம் ஓடிப் பதினேழரையில் நின்றது. இருபத்திரண்டு அல்லவா கொடுத்தோம் என்று நினைத்தாள். கம்ப்யூட்டருக்குக் கணக்குத் தப்பிவிட்டது போல, நமக்கென்ன.

படக்காரம்மா இன்னொரு படத்தைத் திறந்தாள். அதில் பொம்மையே இல்லை. வேலிக்குள் இரண்டாவதாக ஒரு ரோபோக் கை நின்றது. பழைய ஃபிக்சரைக் கவ்வி எடுத்தது, புதுசை வைத்தது, திருகியது. எட்டு நிமிஷம்.

நெட்டையன் தொடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"உங்களை அனுப்பணும்னு எங்களுக்கு ஆசையா என்ன?" என்றார் மேலாளர். "பதினஞ்சுக்குள்ள இருந்தா இரண்டாவது கை தேவையே இல்லைன்னு தலைமை ஆபீசே சொல்லிட்டாங்க. பதினேழரை. நான் என்ன பண்ண? சனிக்கிழமை முடிவு போயிடும். உங்களுக்கு வேலை போகாது. மணல் ஷெட்ல ஆள் வேணும்."

மணல் ஷெட் என்பது காஸ்டிங் வார்த்து, அச்சை உடைக்கும் இடம். அங்கே வாரத்துக்கு ஒரு ஷிப்ட், காலை, பிற்பகல், இரவு என்று மாறிக்கொண்டே இருக்கும்.

மணலுக்குக் குட்டையக்கா பயப்படவில்லை. அவளுக்கு வேண்டியது காலை ஷிப்ட், அது ஒன்றுதான். கட்டடங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த புருஷன் சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருஷம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பக்கத்து வீட்டுத் தையல்காரி மெஷினை அவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டு, தைத்துக்கொண்டே பார்த்துக்கொள்வாள். மூன்றரைக்கு அவள் கடைவேலைக்குப் போயாக வேண்டும். மூன்றுக்கு ஷிப்ட் விட்டு, பஸ் பிடித்து, மூன்றரைக்கு இவள் வாசல் மிதிப்பாள். அந்தக் கயிற்றின் மேல்தான் மூன்று வருஷமாகக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

அன்று வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் புருஷன் மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"அப்ப நீ ஏழு நிமிஷம் பொய் சொல்லிருக்க" என்றான்.

"எல்லாரும் சொல்ற பொய்தானே. நான் மட்டும் புதுசாவா சொன்னேன்?"

"எனக்கு நிறைய நாள் சந்தேகம். நீ மெதுவாவே செய்ய மாட்டியே. என்னைப் புரட்டுறப்ப தோசை திருப்புற மாதிரி திருப்புற."

"வாயி மட்டும் விழாம தப்பிச்சுது பாருங்க உங்களுக்கு."

அவன் சிரித்தான். பிறகு, "போய் உள்ளதைச் சொல்லிடு" என்றான்.

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில், கைகழுவும் தொட்டியருகே அதை நெட்டையனிடம் சொன்னாள். அவன் சோப்பைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

"உள்ளதுன்னா? பதினஞ்சுன்னா?"

"பதினஞ்சுதானே உண்மை."

"உண்மை நல்லாத்தான் இருக்கு. இன்னிக்குப் பதினஞ்சும்பாங்க, அடுத்த மாசம் பதிமூணும்பாங்க. மணல் ஷெட்ல தூசிதான், ஆனா அங்க எவனும் கடிகாரத்தைத் தூக்கிட்டு வர மாட்டான். உன் புருஷன் முதுகுக்கு என் முதுகைப் பணயம் வைக்கிறியா அக்கா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அதிகமாக வலித்தது. ஆனாலும் போனாள்.

படக்காரம்மா தனியாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மேசையில் ஆறிப்போன காபி. இந்தப் பெண்ணும் தூங்குவதில்லை போலிருக்கிறது என்று குட்டையக்கா நினைத்தாள்.

"அம்மா, அன்னிக்கு எடுத்தீங்களே... அது நான் வேணும்னே மெதுவா..."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"எல்லாரும் மெதுவாத்தான் செய்வாங்க. நாங்களும் படிச்சுட்டுத்தானே வர்றோம். அதுக்குன்னே அஞ்சுல ஒரு பங்கு கழிச்சிடுவோம். இருபத்திரண்டு கொடுத்தீங்க, பதினேழரைன்னு போட்டோம்."

குட்டையக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் இத்தனை வருஷமாகக் கட்டிக்காத்த ரகசியத்துக்கு மாடி அறையில் வகுத்தல் கணக்கே இருந்திருக்கிறது.

"மறுபடி எடுக்கலாமாம்மா? நான் உள்ளபடியே செய்யுறேன். பதினஞ்சு."

"எடுக்கலாம். வெள்ளிக்கிழமை எடுத்தா சனிக்கிழமைக்குள்ள போட்டுடுவேன். ஆனா அதுலயும் அஞ்சுல ஒண்ணு கழியும்."

"உள்ளபடி செஞ்சாலுமா?"

"கம்ப்யூட்டருக்கு எது உள்ளது எது இல்லாததுன்னு எப்படித் தெரியும்? எல்லா ஃபாக்டரிக்கும் அதே கழிவுதான். என் கையில இல்ல. பதினஞ்சு செஞ்சீங்கன்னா பன்னெண்டுன்னு வரும். அப்புறம் தினமும் பன்னெண்டுல முடிச்சாகணும்." அவள் ஆறிய காபியை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "நான் சொன்னதை நீங்க எப்படி எடுத்துக்கிட்டாலும் சரி. நான் ஒண்ணும் சொல்லல."

படி இறங்கும்போது அவளுக்கு அது பிடிபடவில்லை. நெட்டையனிடம் ஒப்பித்தபோது அவன்தான் தரையில் உட்கார்ந்து, ஈர விரலால் சிமென்ட்டில் எழுதிப் பார்த்தான். அழித்தான், மறுபடி எழுதினான்.

"பதினெட்டு" என்றான். "பதினெட்டு செஞ்சா பதினாலரைக்குக் கிட்ட வரும். பதினெட்டே முக்காலைத் தாண்டினா போச்சு. பதினாறுக்குக் கீழ வந்தா என் முதுகு போச்சு."

"அப்ப உண்மை ஏறணும்னா மூணு நிமிஷம் பொய் சொல்லணுமா?"

"அளந்து சொல்லணும்."

"எனக்கு உள்ளே கடிகாரம் தெரியாதே."

"நான் வர்றேன். தரை கூட்டுவேன். மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் குப்பை அள்ளுற கரண்டியைத் தரையில இழுக்குறேன். எண்ணிக்கோ."

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, ஷிப்டின் கடைசி மாற்றத்தில் மறுபடி கருவிகளை ஒட்டினார்கள். நெட்டையன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, யாரும் கேட்காமல் தரை கூட்டிக்கொண்டிருந்தான். அவன் கூட்டுவதைப் பார்த்த கப்பி மெக்கானிக், "இன்னிக்கு மழைதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் கீறல் சத்தத்தின்போது ஐந்து போல்ட் கழன்றிருந்தது. கொஞ்சம் நிதானித்தாள். இரண்டாவதில் பழைய ஃபிக்சர் கப்பியில் தொங்கியது. மூன்றாவதில் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்காவது கேட்டபோது புதுசு இறங்கி உட்கார்ந்து போல்ட்டெல்லாம் ஏறிவிட்டது, பன்னிரண்டு நிமிஷம். மட்டம் பார்த்தால் ஆயிற்று. மீதி நேரத்தைத் துடைத்தும் முறைத்தும் கழிக்க வேண்டியதுதான்.

மட்டம் பார்க்கும் டயலின் முள் நிற்கவில்லை. ஒரு பக்கம் தூக்கியிருந்தது.

அடியில் சுருள். மயிர் கனத்துக்கு ஓர் இரும்புச் சுருள் எங்கோ சிக்கியிருக்கிறது. படக்காரம்மாவின் திரையில் இரும்புத் தூள் கிடையாது. அங்கே எல்லாம் எப்போதும் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும். ஆறு போல்ட்டையும் மறுபடி கழற்றியாக வேண்டும்.

ஐந்தாவது கீறல் கேட்டபோது மூன்று போல்ட் கழன்றிருந்தது. இனி அளந்து பொய் சொல்ல நேரம் இல்லை. கைகள் தாமாகவே எழுந்துகொண்டன. கப்பியை இழுத்து ஒரு விரற்கடை தூக்கி, கந்தலை உள்ளே விட்டுத் துழாவி, சுருளைப் பிடித்தாள். அது விரலைக் கீறிக்கொண்டு வந்தது. ரத்தத்தைப் பாவாடையில் தேய்த்துவிட்டு இறக்கினாள். முறுக்கும்போது ஆறாவது கீறல். பதினெட்டு. இன்னும் இரண்டு போல்ட். வெளியே துடைப்பச் சத்தம் நின்றுவிட்டது. முறுக்கினாள். டயலை வைத்தாள். முள் நின்றது. கதவைச் சாத்தினாள்.

"பதினெட்டரைக்கு ஒரு நூல் கூட" என்றாள் படக்காரம்மா, திரையைப் பார்த்து. கருவிகளைக் கழற்றும்போது அக்காவின் விரலைப் பார்த்துவிட்டு, தன் கைக்குட்டையை எடுத்துச் சுற்றினாள்.

சனிக்கிழமை மேலாளர் சொன்னார்: பதினாலு நிமிஷம் ஐம்பது நொடி. இரண்டாவது கை இப்போதைக்கு வேண்டாம் என்று தலைமை ஆபீஸ் எழுதிவிட்டது. "இந்த வருஷம் வேண்டாம்னு எழுதியிருக்காங்க" என்று இரண்டாம் முறை திருத்திச் சொன்னார். அப்புறம், வேலிக் கதவுக்கு மேலே ஒரு விளக்கு வைக்கப்போவதாகச் சொன்னார். பதினைந்து தாண்டினால் சிவப்பு எரியும், எத்தனை தடவை எரிந்தது என்று கம்ப்யூட்டர் தானே எழுதிக்கொள்ளும்.

திங்கட்கிழமை விளக்கு வந்துவிட்டது. முதல் மாற்றம் பதினாலு. இரண்டாவது பதினாலே முக்கால். முன்பெல்லாம் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கால் மடக்கி உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள், முட்டி வலித்தால் ஒரு நாள் பதினேழு ஆகும், ஒரு நாள் பதினாறு. யாருக்கும் தெரியாத அந்த இரண்டு நிமிஷங்கள்தான் இத்தனை காலம் அவளைத் தாங்கியிருக்கின்றன என்று இப்போது தெரிந்தது. நான்காவதில் சுருள் சிக்கியது. சிவப்பு எரிந்தது. யாரும் ஓடி வரவில்லை, யாரும் திட்டவில்லை. அது பாட்டுக்கு எரிந்தது, அவள் பாட்டுக்கு முறுக்கினாள்.

மூன்று மணிக்கு நெட்டையன் வந்தான். விளக்கை அண்ணாந்து பார்த்தான்.

"எத்தனை?"

"ஒண்ணு."

"எனக்குக் குறைஞ்சது மூணு எரியும்" என்றான். "மணல் ஷெட்டே தேவலாம்னு இருக்கு."

"என்னைத் திட்டணும்னா திட்டிடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"திட்டவும் தெம்பு வேணும்ல. போ."

வீட்டில் தையல்காரி கைப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். "நேரத்துக்கு வந்துட்டீங்கக்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். உள்ளே புருஷன் தலையைத் திருப்பினான்.

"என்னாச்சு? காலை ஷிப்ட் நிக்குமா?"

"இந்த வருஷம் நிக்கும்."

"அடுத்த வருஷம்?"

"இப்ப இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். ஒரு கையை அவன் தோளுக்குக் கீழும் மறு கையை இடுப்புக்குக் கீழும் கொடுத்தாள். ஒரே தூக்கில் முடியவில்லை. பாதியில் நிறுத்தி, அவன் எடையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்று மூச்சு வாங்கினாள். பிறகு மீதியையும் புரட்டினாள்.