ஒரே தோலுக்குள்

அந்த விண்வெளி டிவி தொடரில் வரும் மிருகத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. எழுதியவரே அதை நாளுக்கொரு விதமாகச் சொல்வார். படப்பிடிப்புத் தளத்தில் எல்லோருக்கும் அது கழுதைதான். நான்கு கால், நீண்ட கழுத்து, உடம்பெல்லாம் ரப்பர்ச் செதில், உள்ளே இரண்டு ஆண்பிள்ளைகள். முன்னால் நிமிர்ந்து நடப்பவனைத் தலை என்பார்கள், அவன் இடுப்பைப் பிடித்துக் குனிந்தபடி பின்னால் வருபவனை வால் என்பார்கள். சம்பளம் போடும் நாளில் மட்டும்தான் இருவருக்கும் சொந்தப் பெயர்.

தொடரில் இந்த வருடம் பெரிய திருப்பம். மூன்று வருடமாக ஒருவரை ஒருவர் தீர்த்துக்கட்டத் துரத்திய பெண் கேப்டனும், எதிரிப் படையின் பெண் தளபதியும், காற்றுகூட வீசாத ஒரு கிரகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தப்பிக்க ஒரே ஒரு கப்பல். அதைக் கிளப்ப இரண்டு பேர் கையும் வேண்டும். தளபதிக்குக் காலில் காயம். ஆகவே கழுதை அவளைச் சுமக்கும், கேப்டன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். "நம்பவும் கூடாது, விட்டுட்டுப் போகவும் கூடாது. அதுதான் சீன்," என்று டைரக்டர் தினமும் காலையில் மந்திரம் மாதிரி ஓதுவார்.

கேட்கும்போதெல்லாம் வாலுக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். அந்த இரண்டு நடிகைகளும் ஈருடல் ஓருயிர். ஒரே டப்பாவில் சாப்பிட்டு, ஒரே போனைப் பார்த்துச் சிரித்து, டேக் என்றதும் முறைத்துக்கொள்வார்கள். மேலே பகை நடிப்பு. நிஜப் பகை கீழே, ரப்பர் தோலுக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

தலை, வாலின் தங்கையைக் கட்டியவன். கட்டி வைத்ததே வால்தான். ஆறு வருடம் எத்தனையோ மிருக வேஷங்களில் தன்னோடு ஒரே தோலுக்குள் நடந்தவன், கை சுத்தமானவன், குடிக்க மாட்டான், இவனைவிட நல்ல மாப்பிள்ளை கிடைப்பானா என்று வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்து முடித்து வைத்தான். இப்போது தங்கை பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. அவள் முகத்தைப் பார்க்கவே வாலுக்குக் கஷ்டமாக இருந்தது. யாரையாவது குற்றம் சொல்லலாம் என்றால் சுற்றிச் சுற்றித் தன்னிடமே வந்து நின்றது.

தலை அடித்தானா, உதைத்தானா என்றால் அதெல்லாம் இல்லை. பைக்கை ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றான். பிறகு அவளை வேலையிலிருந்து கூட்டிவர வருவதில்லை, பஸ்ஸில் வா என்று சொல்லிவிட்டான். கண்ணாடி டம்ளரை உடைப்பான், ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவான். கடைசியாக, ஒரு மழை நாளில் பஸ் நிறுத்தத்தில் அவள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். அவன் கை எட்டும் தூரத்தில், கண்ணைத் திறந்துகொண்டு, அவளைத் தாண்டிப் போனான். வீட்டில் கேட்டதற்கு, "பாக்கல, அதுக்கென்ன இப்போ?" என்றான். அவள் அன்றைக்கே கிளம்பிவிட்டாள். வக்கீலைப் பார்த்துக் கொடுத்ததும் வால்தான். விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட நாளைக் காலை அவளை வரச் சொல்லியிருந்தார்கள்.

ஏழு மாதமாக மச்சான், மாப்பிள்ளை எல்லாம் போய், தோலுக்குள் இரண்டு பேருக்கும் இடையே அடிக் கணக்கு மட்டும்தான். கழுத்தில் வைத்த வலை வழியாகத் தலை வெளியே பார்ப்பான். "நேர். நேர். இடது. நில்." வால் அதன்படி காலை வைப்பான். வாலுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் இருக்கும் இடுப்பும், வயிற்றுப் பக்கம் காற்றுக்காக விட்ட பிளவில் ஒரு சாண் தரையும்தான்.

அன்று மதியம் பாலக் காட்சி. ஆள் உயரத்துக்குப் பலகை அடித்து, பாறை மாதிரி வர்ணம் பூசி, இரண்டு பக்கமும் மெத்தை போட்டிருந்தார்கள். காலையில் ஒத்திகை நன்றாக வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கேமராமேனுக்கு என்ன தோன்றியதோ, பாலத்தின் கடைசித் துண்டை இடது பக்கம் நகர்த்தச் சொன்னார். உதவி டைரக்டர் கையை நீட்டி, "இதோ இப்படி மாத்தியிருக்கோம், பாத்துக்கங்க," என்றான். கேப்டன் தலையாட்டினாள், தளபதி தலையாட்டினாள், கழுதையும் ஆட்டியது. வால் அப்போதே உள்ளே குனிந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

டேக் ஆரம்பித்தது. முதுகுச் சட்டத்தில் தளபதியின் பாரம் வாலின் தோளில் இறங்கியது. "நேர். நேர். நேர்." பிளவில் பலகை ஓடியது. திடீரென்று பலகையின் ஓரம், அதற்கு அப்பால் இருட்டு. தலையின் வலது கால் அந்த இருட்டுக்கு மேல் தூக்கியிருந்தது. "நேர்," என்றான் தலை.

வால் யோசிக்கவில்லை. பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டான். கழுதை பின்னங்காலை மடக்கிக் குந்திக்கொண்டது. மேலே இருந்தவள் கத்திக்கொண்டே சரிந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"யாருய்யா உக்காந்தது?" என்று டைரக்டர் கத்தினார்.

 தலையின் முதுகு நடுங்குவது வாலின் நெற்றியில் தெரிந்தது.

"நான்தான் சார். கால் பிடிச்சுக்கிச்சு," என்றான் வால். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. திட்ட வேண்டியவனைத் தனியாக வைத்துத் திட்டலாம் என்றுதான் நினைத்திருப்பான். நடிகையை இறக்கிக் கூட்டிப் போனார்கள். தோலைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை என்பதால், இடைவேளையில் பலகையை ஒட்டி ஒரு பெஞ்சைப் போட்டு இரண்டு பேரையும் அப்படியே உட்கார வைத்துவிடுவார்கள்.

இருட்டுக்குள் வால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "என்னைத் தள்ளணும்னா தனியா தள்ளு. மேல ஒரு பொண்ணு இருக்கா, தெரியும்ல?"

"பாலம் அங்கதான இருந்துச்சு."

"மாத்துனாங்க. இதோ இப்படின்னு காமிச்சாங்கல்ல. நீயும்தான தலையாட்டுன?"

"எல்லாரும் சரி சரின்னாங்க. நானும் ஆட்டுனேன்."

வாலுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தச் சில மாதங்களாகத் தலையின் கால் தரையைத் தடவித் தடவித்தான் இறங்கும். கழுதைக்கு ஒரு நடை கொண்டுவருகிறான், பெரிய கலைஞன் என்ற நினைப்பு என்று வால் உள்ளுக்குள் கிண்டல் செய்திருக்கிறான்.

"அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல அவ எந்தப் பக்கம் நின்னா, மச்சான்?" என்று தலை மெல்லக் கேட்டான்.

"வலது பக்கம். கடை ஓரமா."

"வலது கண்ணு அப்பவே போயிடுச்சு."

வெளியே யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.  "இடது?" என்றான் வால்.

"குழாய் வழியா பாக்கற மாதிரி. நேரா இருந்தா தெரியும். கண்ணுக்குள்ள அழுத்தமாம். போனது திரும்பாது, இருக்கறதையாவது காப்பாத்திக்கன்னு டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்காரு. காலைல ஒத்திகையில காலால மனப்பாடம் பண்ணிக்குவேன். இதுவரைக்கும் ஓடிடுச்சு."

"அட மடையா," என்றான் வால். "அவ மருந்துக் கடையில வேலை பாக்கறா. ஊருக்கே மருந்து எடுத்துத் தரா. அவகிட்ட சொல்ல மாட்டியா?"

"அதுக்காகத்தான் ரெண்டு பஸ் மாறிப் போய் வேற கடையில வாங்கறேன்." தலை சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சொன்னா என்ன ஆகும் மச்சான்? கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்ட வைப்பா. தட்டு எங்க இருக்குன்னு எடுத்துக் குடுப்பா. பொண்டாட்டியா இருந்தவ நர்ஸா ஆயிடுவா. கோவிச்சுக்கிட்டுப் போனா, மானமாப் போனா. போகட்டும். பாவம் பாத்து என்கூட இருக்க வேணாம்."

"நாளைக்குக் கையெழுத்து."

"தெரியும். போடட்டும். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க."

வால் சத்தியம் பண்ணவில்லை. அவனுக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அது இப்போது எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அலைந்தது. அதற்குள் உதவி டைரக்டர் வந்து தோலைத் தட்டினான். "ரெடியாண்ணே?"

"பொண்ணை ஏத்தாத தம்பி," என்றான் வால். "என் கால் சரியில்ல. தூரத்து ஷாட்தான, பொம்மையை வச்சுக் கட்டுங்க." கால் போன கிழவன் என்று இனி அவனைத்தான் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

பொம்மையைக் கட்டினார்கள். இந்தத் தடவை அடி சொன்னது வால். பிளவில் தெரிந்த ஒரு சாண் தரையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். "நேர். மெதுவா. இடது. இன்னும் இடது, மாப்பிள்ளை." முன்னால் இருந்தவன் மறுபேச்சில்லாமல் காலை வைத்தான். பாலம் முடிந்ததும் டைரக்டர் கைதட்டி, கழுதை இன்றைக்குத்தான் உயிரோடு நடந்தது என்றார்.

வால் வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தங்கை நாளைக்குக் கட்டப்போகும் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகம் கழுவினான். வந்து உட்கார்ந்தான். எழுந்து போய் மறுபடியும் கழுவினான்.

"என்னண்ணே?" என்றாள்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடாத."

"நேத்து வரைக்கும் நீங்கதான போடு போடுன்னீங்க."

பொய் சொல்ல அவனுக்கு வராது. சொல்லாமல் இருக்கவும் வராது. தலைக்கு என்ன துரோகம் செய்கிறோம் என்று தெரிந்துகொண்டே, வலது கண், இடது கண், பாலம் எல்லாவற்றையும் சொன்னான். பஸ் நிறுத்தத்தைச் சொன்னபோது அவள் கை நின்றுவிட்டது. புடவை பொசுங்கும் வாசனை வந்து வாலின் மனைவி ஓடிவந்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

"அவன் சொல்ல வேணாம்னான்," என்றான் வால். "நீ பாவம் பாத்து வந்துடுவியாம்."

தங்கை பொசுங்கிய புடவையைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். பிறகு, "மருந்து பேரு என்ன? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? யாரு ஊத்தறா?" என்று கேட்டாள்.

"அவனேதான்."

"கிழிச்சாரு. அவருக்குச் சொட்டு மருந்துன்னா கண்ணை இறுக்கி மூடிக்குவாரு. பாதி கன்னத்துலதான் போகும்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள். வால் பின்னாலேயே ஓடினான்.

தலையின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை, திறந்துதான் கிடந்தது. விளக்குப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டு, முகத்தைத் திருப்பி, "மச்சானா?" என்றான்.

"உங்க மச்சான் எல்லாத்தையும் சொல்லிட்டாரு," என்றாள் தங்கை. விளக்கைப் போட்டாள்.

தலை எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். வாலை ஒரு பார்வை பார்த்தான், அதில் என்ன இருந்தது என்று வாலுக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. "பாவம் பாத்து வந்தியா?" என்று கேட்டான்.

"பாவமா? உங்களுக்கா?" அவள் குரல் உயர்ந்தது. "மழையில கையைத் தூக்கிட்டு நின்னேன். என் மூஞ்சி புடிக்காமப் போச்சுன்னு ஏழு மாசம் கண்ணாடியைப் பாத்துப் பாத்து அழுதேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ்வளவும் மிச்சம். கண்ணுதான போச்சு, வாய் இருந்துச்சுல்ல? என்னை என்ன நினைச்சீங்க, நோயாளின்னா விட்டுட்டு ஓடறவளா, இல்ல நோயாளிக்காக மட்டும் இருக்கறவளா? நாளைக்கே டைரக்டர்கிட்டப் போய்ச் சொல்லணும். பின்னாடி ஆள் ஆகுங்க, அண்ணன் முன்னாடி நடக்கட்டும். அந்தத் தோலைத் தைச்ச தையல்காரர் ஆளுக்கேத்த மாதிரி பிரிச்சுத் தைக்க மாட்டாரா? மருந்து எங்க? உக்காருங்க. அண்ணாந்து பாருங்க. கண்ணை மூடாதீங்கன்னா மூடாதீங்க."

தலை அண்ணாந்தான். அவள் அவன் இமையை விரலால் பிரித்துப் பிடித்தாள். வாலுக்கு அங்கே நிற்க முடியவில்லை. இந்த ஏழு மாதமும் தான் வளர்த்த பகை எவ்வளவு கேவலமானது என்று தோன்றியது. சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று தொண்டையைச் செருமினான்.

"அவ பெட்டியை நாளைக்குக் கொண்டுவந்து தரட்டுமா?"

தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொண்டாங்க. இப்போ நீங்க போங்கண்ணே, நான் இன்னும் திட்டி முடிக்கல," என்றாள்.