மச்சானின் கை

பந்து விளையாட்டுக்குச் சட்டம் போடுகிற வெள்ளைக்காரர்களுக்கு வீட்டில் அக்கா தங்கச்சி யாரும் கிடையாதா என்று எனக்கு வெகு நாளாகச் சந்தேகம். இருந்திருந்தால் சட்டத்தை மாற்றுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்: "கோல் நிறைய வேணுமா? வாழைத் தோட்டத்துல போயி உதைங்க, ரெண்டு மரத்துக்கு நடுவுல ஒரு கோல். எங்க வீட்டுப் பிள்ளைங்கள விட்டுடுங்க."

நான் காமாரியா. என் புருஷன் நாகூர் மீரான், கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் தொங்காங்குப் படகுகளுக்கு மண்டோர். வேலைக்காரர்களை ஏவுகிற வேலை. சனிக்கிழமையானால் கம்பெனி டீமில் பேக் ஆடுவார், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற இடம். அவருக்குப் பின்னால் கோல்கீப்பராக நிற்பவன் என் தம்பி பஷீர். அக்காவான என்னை லாத்தா என்று கூப்பிடுவான். உம்மா மவுத்தாகி மண்ணுக்குப் போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. நான்தான் குளிப்பாட்டி, சோறூட்டி, ஓதப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய் ஆளாக்கினேன். நிக்காஹ் பேச வந்தவர்களிடம், "தம்பியும் எங்கூட வருவான், சம்மதமான்னு கேளுங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து சொன்னவள் நான். அவர் சம்மதித்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருடைய எத்தனையோ வீம்பைப் பொறுத்துக்கொண்டேன்.

பஷீர் கோலில் நிற்கப்போகிறேன் என்றபோது வீட்டையே இரண்டாக்கினேன். அந்தக் காலத்தில் பந்தைப் பிடித்த கோல்கீப்பரை ஓடி வந்து தோளால் இடித்து, பந்தோடு வலைக்குள் தள்ளினாலும் அது கோல்தான். கால் உடைந்தவன், பல் போனவன் எல்லாம் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். "உன்னை நான் வளர்த்தது எவனோ மிதிக்கிறதுக்கா?" என்று கத்தினேன். அவன் சிரித்தான்.

"மச்சான் முன்னால நிக்கும்போது எங்கிட்ட எவன் லாத்தா வருவான்?"

அது உண்மைதான். பினாங்கில் என் புருஷனைத் தாண்டிப் போனவர்கள் மிகக் குறைவு. அவர் யாரையும் உதைத்ததில்லை, தள்ளியதில்லை. அவருடைய சாமர்த்தியம் எல்லாம் அந்த ஆஃப்சைட் சட்டத்தில்தான். ஒருவனை நோக்கிப் பந்து கிளம்பும் நேரத்தில், அவனுக்கும் கோலுக்கும் நடுவே எதிராளிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பரும் அதில் ஒருத்தன். இல்லையென்றால் ஆஃப்சைட், ஆட்டம் நின்றுவிடும். இவர் என்ன செய்வார்? கூட ஆடும் இன்னொரு பேக்கைப் பின்னால் விட்டுவிட்டு, பந்து கிளம்புகிற கணத்தில் இரண்டு எட்டு முன்னால் வைப்பார். மூன்று பேர் இரண்டு பேராகிவிடுவார்கள். வலது கையை உயரத் தூக்குவார். விசில் அடித்துவிடும்.

பஷீர் பந்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். மச்சானின் கையைத்தான் பார்ப்பான். கை மேலே போனால் நிதானமாக நடந்து வந்து, பந்தைக் குனிந்து எடுத்து, உதைக்க வேண்டிய இடத்தில் வைப்பான். இதை அவனே பெருமையாகச் சொல்வான். நானும் பெருமையாகக் கேட்டிருக்கிறேன், என்னைச் சொல்ல வேண்டும்.

பார்க்க வந்த ஜனங்களுக்குத்தான் வயிற்றெரிச்சல். ஓடினால் விசில், நின்றால் விசில். கோல் என்பது மழைக்காலத்துச் சூரியன் மாதிரி எப்போதாவது தலைகாட்டும். "அந்தக் கைய வெட்டுங்கடா!" என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் கத்துவார்களாம். கச்சாங் கடலை விற்கிறவருக்கு மட்டும் நல்ல வியாபாரம். பார்க்க ஒன்றும் இல்லாதபோது ஜனங்கள் வாயையாவது அசைப்பார்கள் அல்லவா?

பிறகு சீமையிலிருந்து சேதி வந்தது. எல்லா ஊரிலும் இதே வயிற்றெரிச்சல்தான் போலிருக்கிறது. கோல் அதிகம் விழ வேண்டும் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். இனி மூன்று பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். அடுத்த ஆட்டக் காலத்திலிருந்து இங்கேயும் அப்படித்தான் என்று அறிவித்தார்கள்.

என் புருஷன் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"கோல் வேணுமாம், கோல்! அப்ப கம்ப ரெண்டு கஜம் தள்ளி நடச் சொல்லு. கோல்கீப்பர் கையைக் கட்டிப் போடச் சொல்லு. தடுக்கிறதும் ஒரு ஆட்டம்தானே? அது கண்ணுக்குத் தெரியலியா இவனுங்களுக்கு?"

பஷீர் மெதுவாகச் சொன்னான்: "ஜனங்க கோல் பாக்கத்தானே மச்சான் வர்றாங்க. நம்ம கையத் தூக்குறதப் பாக்கவா வர்றாங்க?"

"நீ கோல்கீப்பர்டா! நீயே கோல் வேணுங்கிறியே?"

"எனக்கு வேலை வரும்லா. இப்ப நான் சும்மாதானே நிக்கிறேன்."

அவனுக்குச் சின்ன வயசு. பாய்ந்து பிடிக்க வேண்டும், ஜனம் கைதட்ட வேண்டும் என்று ஆசை. அதில் என்ன தப்பு? நான் நடுவில் புகுந்தேன். "இனிமே ரெண்டு பேர் போதும்னா, நீங்க முன்னால போனா பிரயோசனம் இல்லைதானே? பின்னாலயே நில்லுங்க. கையையும் தூக்காதீங்க."

"அடுப்படியிலேருந்து ஆட்டம் சொல்லிக் குடுக்க வந்துட்டா" என்றார். ஒரு வருஷத்தில் பழைய சட்டமே திரும்பி வந்துவிடும், அதுவரைக்கும் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று சூலியா தெரு முழுக்கச் சவால்விட்டுத் திரிந்தார். அப்படிப்பட்ட வீம்பு.

பழக்க ஆட்டங்களில் அவர் கை பழையபடி மேலே போயிற்று. விசில் வரவில்லை, கோல் விழுந்தது. பஷீர் வீட்டுக்கு வந்து அவர் நிற்பதை நடித்துக் காட்டினான். "கை மேல, வாய் ஆஆன்னு, பந்து வலைக்குள்ள!" நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் யோசித்தேன்.

"நீ என்னடா செஞ்சே அப்ப?"

"நானும் நின்னுட்டேன் லாத்தா. காலு நின்னுடுது."

"இனிமே விசில் கேட்டாத்தான் நிக்கணும். கையப் பாக்காதே. சொல்லு."

"பாக்கல, பாக்கல."

அவரிடமும் சொன்னேன். சனிக்கிழமை காலையில் சட்டை எடுத்துக் கொடுக்கும்போது, "அந்தக் கைய இடுப்புல செருகிக்கிட்டு ஆடுங்க" என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். கெஞ்சிச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்கிற ஆளா அவர்?

எங்கள் வீட்டிலிருந்து திடல் தூரமில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் கூச்சல் நன்றாகக் கேட்கும். போன வருஷங்களில் சனிக்கிழமை சாயங்காலம் அமைதியாகத்தான் போகும். அன்று நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போதே பெரிய ஆரவாரம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பக்கத்து வீட்டு ரொஸ்னா சன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு மழையா கொட்டுது போலிருக்கே, அக்கா!" என்றாள். மறுபடியும் ஒன்று. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. பிறகு அது பாதியிலேயே அறுந்து போயிற்று. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

நடந்தது இதுதான். எதிர் டீமில் ஒரு சீன இளைஞன், பூட்ஸ் போட்டவன், நல்ல ஓட்டக்காரன். அவனுக்குப் பந்து கிளம்பியது. என் புருஷன் இரண்டு எட்டு முன்னால் வைத்தார். கை மேலே போனது. பின்னால் இன்னொரு பேக்கும் பஷீரும் இருந்தார்கள். இரண்டு பேர். புதுச் சட்டப்படி அது ஆஃப்சைட் இல்லை. விசில் அடிக்கவில்லை. பேக்கும் நின்றான், பஷீரும் கையைப் பார்த்தான். ஜனக் கூச்சலில் விசில் தனக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறான். நிதானமாக நடந்து வந்து பந்தை எடுக்கக் குனிந்தான். அந்தப் பையன் முழு வேகத்தில் வந்து பந்தை உதைத்தான். பந்தும் போயிற்று, கால் அதே வீச்சில் என் தம்பியின் வயிற்றில் ஏறியது.

பந்து வலைக்குள் விழுந்தது. அதனால் கோல் கொடுத்தார்கள். ஜனங்கள் தொப்பியை எல்லாம் மேலே எறிந்தார்களாம். எறிந்த தொப்பி கீழே வந்த பிறகுதான் ஒருத்தன் எழுந்திருக்காமல் கிடப்பது தெரிந்ததாம்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். வெளியே ஒரு கீறல் இல்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. என் புருஷன் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். அந்தச் சீனப் பையன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவன் பந்தைப் பார்த்து ஓடி வந்தவன்.

நான் பஷீரின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"லாத்தா, மச்சான் கையத் தூக்கினாங்க. அதான் நின்னுட்டேன்."

"பேசாதடா."

"கோல் குடுத்துட்டாங்களா?"

பொய் சொல்வது ஹராம் என்று அவனுக்கு ஓதிக் கொடுத்தவளே நான்தான். "இல்லடா" என்றேன். "ஆஃப்சைட்டுன்னு சொல்லிட்டாங்க. கோல் இல்ல."

"நெனச்சேன்" என்றான். "மச்சான் தப்பா தூக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டான். கொடுக்கக் கூடாது என்றார்கள். துணியை நனைத்து உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது என் பிள்ளை போய்விட்டான். தம்பி என்று ஊர் சொல்லட்டும். எனக்கு அவன் பிள்ளைதான்.

மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு முன்கூடம் நிறைய ஆண்கள் வந்திருந்தார்கள். டீம் ஆட்கள், தொங்காங்கு ஆட்கள், தெருக்காரர்கள். நானும் ரொஸ்னாவும் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தோம். ஓதி முடிந்தது, தேத்தண்ணி கொடுத்தனுப்பினோம். பிறகு யாரோ பெருமூச்சு விட்டு, "பழைய சட்டம் இருந்திருந்தா தம்பி உயிரோட இருந்திருப்பான்" என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. சட்டத்தைத் திருப்பி மாற்றச் சொல்லி மனுப் போட வேண்டும் என்றார் ஒருத்தர். அதெப்படி, போன சனிக்கிழமை வந்த கூட்டத்தைப் பார்த்தாயா, இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு ஆட்டம் உண்டா என்றார் இன்னொருத்தர். கோல் இல்லாத ஆட்டம் உப்பில்லாத சோறு என்றார் முகம்மது சுல்தான், எங்கள் டீமின் காப்டன். சாவு வீடு என்கிற நினைப்பே இல்லாமல் குரல்கள் ஏறிக்கொண்டே போயின. ரொஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது என் புருஷனின் குரல் கேட்டது. மூன்று நாளாக வாய் திறக்காத மனுஷன். அழப்போகிறார், தன் வாயாலேயே சொல்லப்போகிறார் என்று நினைத்துத் திரையை விலக்கிப் பார்த்தேன்.

அவர் பாயில் கிளாஸ்களை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க. இது நான். இது பின்னால நிக்கிற பேக். இது அந்தச் சீனன். பந்து இங்கேருந்து கிளம்புது. நான் இப்படி வர்றேன், சரியா? இது கோல்கீப்பர். எண்ணிப் பாருங்க, ரெண்டு. மூணு இல்லல்ல? பழைய சட்டப்படி சுத்தமான ஆஃப்சைட். நான் தூக்கினது சரி. யாரு வேணும்னாலும் சொல்லட்டும், நான் தூக்கினது சரிதான்."

எல்லோரும் குனிந்து கிளாஸ்களைப் பார்த்தார்கள். முகம்மது சுல்தான் ஒரு கிளாஸை விரலால் சற்றுத் தள்ளி, "இல்ல, சீனன் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தான்" என்றார்.

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முக்காடு சரிந்ததை இழுத்துவிடக்கூட இல்லை. ஆண்கள் திகைத்துப் பின்னால் நகர்ந்தார்கள். "காமாரியா, உள்ள போ" என்றார் என் புருஷன்.

குனிந்து அந்தக் கோல்கீப்பர் கிளாஸை எடுத்தேன். தேத்தண்ணி பாதி இருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை.

"சட்டப்படி நீங்க சரிதாங்க" என்றேன். "தப்பு என் தம்பி மேலதான். சட்டம் மாறினது அவனுக்குத் தெரியும். விசில் கேக்கலைங்கிறதும் தெரியும். எல்லாம் தெரிஞ்சும், நீங்க கையத் தூக்கிட்டீங்கன்னு நம்பி நின்னான். சாகும்போதும் மச்சான் தப்பா தூக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டுத்தான் செத்தான்."

அவர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கோல்ல யாரும் இல்ல" என்றேன். "எண்ணிச் சொல்லுங்க, எத்தனை பேருன்னு."

அவர் எண்ணவில்லை. நான் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.