ஆணியில் தொங்கிய அறிவிப்பு

நகரமன்றம் எடுக்கும் முடிவுகளை மக்களுக்குச் சொல்வது என் வேலை. அறிவிப்பை எழுதுவேன். கீழ்த்தளத்து அறையில் உட்கார்ந்து என் குரலிலேயே பதிவு செய்வேன். பென் டிரைவைக் கதவோரத்து ஆணியில் மாட்டுவேன். ஆணியில் தொங்கினால் கிளம்பலாம் என்று அர்த்தம். குழாய் அண்ணன் வந்து எடுத்துக்கொண்டு, தலையில் ஒலிபெருக்கிக் குழாய்கள் கட்டிய வேனில் தெருத் தெருவாகப் போவார். எங்களுக்குள் அதிகம் பேச்சுத் தேவைப்படாது. பேச வேண்டியதை ஆணி பேசிக்கொள்ளும்.

அன்று வரவு செலவுத் திட்டக் கூட்டம். குடிநீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிட்டன. மீதி ஒன்றே ஒன்றுதான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆம்புலன்ஸை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா? எடுத்துவிட்டால் இந்தப் பக்கத்து வண்டி ஒன்றுதான் ஊர் முழுவதற்கும். நடுவில் ரயில்வே கேட். சரக்கு ரயில் வரும் நேரம் கேட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அழுகிற பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியே போய்விடும்.

என் அக்கா வீடு அந்தப் பக்கம். அத்தானுக்கு மூச்சுத் திணறல். போன மழைக்காலத்தில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவரை, தெருமுனையில் நின்ற அந்த வண்டிதான் மீட்டுக் கொடுத்தது. கூட்டத்துக்கு முதல் நாள் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் எழுதுறவ அக்கா. முடிவு எடுக்கிறவங்க மாடியில இருக்காங்க."

"நல்லா எழுது. உங்க அத்தான் மூச்சு வாங்கிக் கிடக்கறப்ப பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டு."

வைத்துவிட்டாள்.

மாடியில் இரண்டு தரப்பும் சரிசமமாக நின்றன. உறுப்பினர்களில் பலசரக்குக் கடைக்காரர் மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். ஆனால் ஆம்புலன்ஸை நிறுத்தி மிச்சமாகும் பணத்தில் அவர் கடைத் தெருவுக்குத் தார்ச்சாலை போடலாம் என்று மன்றத் தலைவர் அம்மா ஏற்கெனவே காதில் போட்டிருந்தார்.

இழுபறி என்று தெரிந்ததும், நேரத்தை மிச்சப்படுத்த இரண்டு அறிவிப்புகளையும் முன்கூட்டியே எழுதினேன். 'தொடரும்' என்பதை முதலில் பதிவு செய்தேன். குரல் தெளிவாக வந்தது. 'நிறுத்தப்படுகிறது' என்பதில் மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கும்போது மாடியிலிருந்து அழைப்பு வந்தது. செலவுக் கணக்கின் நகல்களை உடனே கொண்டுவர வேண்டுமாம். அள்ளிக்கொண்டு ஓடினேன்.

நகல்களை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துக்கொண்டு வந்தேன். கடைக்காரர் முன்னால் வைக்கும்போது, திறந்திருந்த ஜன்னல் வழியாக என் குரல் உள்ளே வந்தது.

"அன்பான நகர மக்களுக்கு மன்றத்தின் தகவல். ரயில் பாதைக்கு அப்பால் உள்ள ஆம்புலன்ஸ் சேவை வழக்கம்போலத் தொடரும்..."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"அது உன் குரல்தானே?" என்றார் தலைவர் அம்மா.

"ஆமாம்மா."

"நாங்க இன்னும் கையே தூக்கலையே!"

"நமக்கு முன்னாடி குழாய் தூக்கிடுச்சு" என்றார் ஒருவர்.

அப்போதுதான் என் கை செய்தது எனக்கு நினைவு வந்தது. முதல் பதிவு முடிந்ததும், வழக்கம்போல எழுந்து போய் ஆணியில் மாட்டியிருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. ஆனால் அதை அந்த அறையில் யாரிடம் சொல்வது?

"அந்த வண்டிய நிறுத்து. இப்பவே" என்றார் தலைவர் அம்மா.

படியிறங்கிக்கொண்டே குழாய் அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. தலைக்கு மேல் என் குரலே அலறும்போது மடியில் கிடக்கும் போன் எங்கே கேட்கும்? வெளியே வந்து ஓடினேன். தெருக்கோடி திரும்பியபோது வேனின் பின்பக்கம் கேட்டைத் தாண்டுவது தெரிந்தது. நான் போய்ச் சேர்வதற்கும் கேட் இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் என் குரல் ஒவ்வொரு தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் பள்ளிக்கூடத் தெரு. அப்புறம் அக்கா தெரு. போன் அடித்தது.

"அடியே! கேட்டேண்டி! உங்க அத்தான் எழுந்து உக்காந்துட்டாரு. நேத்து ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காத. தெருவே வெளியில நிக்குது. நாங்க எல்லாரும் ஆபீஸுக்கு வரோம், நன்றி சொல்ல."

"அக்கா, வராத. இன்னும்..."

ரயில் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக என் வாயை அடைத்துக்கொண்டு போனது. அது போய் முடிந்தபோது அக்கா போனை வைத்திருந்தாள். கேட் ஏறியதும் அந்தப் பக்கமிருந்து ஒரு கூட்டமே என்னைத் தாண்டி நடந்தது. என்னைப் பார்த்துக் கையைப் பிடித்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் பின்னால் குழாய் அண்ணன் வேனை ஓரம் கட்டி இறங்கினார்.

"என்ன தங்கச்சி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற?"

"இன்னும் முடிவாகலண்ணே."

"ஆணியில தொங்குச்சே!"

"நான்தான் மாட்டினேன்."

அவர் வேனுக்குள் கை நீட்டி எஞ்சினை அணைத்தார்.

நாங்கள் மாடி ஏறியபோது வாசல்வரை ஆட்கள். கடைக்காரரைச் சுற்றி அவர் கடையில் சாமான் வாங்கும் பெண்கள்.

"அண்ணே, நீங்க பேசாம இது நடந்திருக்குமா? நம்ம அண்ணன் நம்மளக் கைவிட மாட்டாருன்னு சொன்னேன்ல?"

கடைக்காரர் மேசை விரிப்பைத் தடவுவதை நிறுத்திவிட்டு அதைக் கசக்கத் தொடங்கியிருந்தார்.

தலைவர் அம்மா என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு இவங்ககிட்ட."

அக்கா முன்வரிசையில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நீங்க கேட்டது தப்பான அறிவிப்பு. மன்றம் இன்னும் முடிவு எடுக்கல. என் கைத்தப்பு. மன்னிச்சிருங்க."

கத்துவார்கள் என்று நினைத்தேன். யாரும் கத்தவில்லை. யாரும் வெளியே போகவும் இல்லை. அக்கா என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிக் கடைக்காரரைப் பார்த்தாள். அவளைப் பார்த்து எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அப்போ இனிமேதான் கை தூக்கப் போறீங்களா அண்ணே?" என்றாள் அக்கா. "தூக்குங்க. நாங்க நிக்கறோம்."

"பொதுமக்கள் வெளியில இருக்கலாம்" என்றார் தலைவர் அம்மா.

"இது திறந்த கூட்டம்தானே? நோட்டீஸ்ல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

அந்த நோட்டீஸையும் நான்தான் எழுதியிருந்தேன். சுவரோரம் போய் நின்றேன்.

வாக்கெடுப்பு நடந்தது. எடுத்துவிடலாம் என்பவர்கள் கை தூக்கினார்கள். கடைக்காரர் கை மேசையிலேயே இருந்தது. வைத்திருக்கலாம் என்றபோது, பாரம் தூக்குகிறவர் போல அந்தக் கை மேலே போனது.

தலைவர் அம்மா பேனாவை மூடி வைத்தார். "சரி. வண்டி இருக்கட்டும். பணம்? எதையாவது வெட்டினாத்தான் கணக்கு நேராகும். தார்ச்சாலைய விட்டாச்சு, அது மட்டும் போதாது. யார் சொல்றீங்க?"

கடைக்காரர் முதல்முறையாகத் தெளிவாகப் பேசினார்.

"குழாய் வண்டிய நிறுத்துங்க. டீசல், டிரைவர், எழுதுறவங்க சம்பளம் எல்லாம் மிச்சம். இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு. ஒரு மெசேஜ் அனுப்பினா முடிஞ்சுது. ஒரே நாள்ல எவ்வளவு குழப்பம், பாத்தீங்கல்ல?"

இதற்கு இழுபறியே இல்லை. கைகள் எல்லாம் சட்டென்று உயர்ந்தன. அந்தப் பக்கத்து மக்களில் சிலர் கைதட்டிவிட்டு, அப்புறம் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அக்கா தட்டவில்லை.

கீழே அறைக்கு வந்தேன். அக்காவும் பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றாள்.

"இருந்திருந்தா அத்தான்?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். நான் எழுதினேன். 'ஆம்புலன்ஸ் சேவை தொடரும்' முதல் வரி. 'வரும் மாதம் முதல் அறிவிப்பு வாகனம் இயங்காது' இரண்டாவது. இந்த முறை ஒரே பதிவுதான். எந்த வரியிலும் குரல் சிக்கவில்லை.

எழுந்து போய் ஆணியில் மாட்டினேன். குழாய் அண்ணன் கதவருகிலேயே நின்றார். கையை நீட்டவில்லை.

"இது நிஜம்தானே தங்கச்சி?"

"நிஜம்தாண்ணே. கிளம்புங்க."