அரக்கு வைத்த மாத்திரை

என் வீட்டுக்காரர் போதைத் தடுப்புப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சா என்ற சொல் காதில் விழுந்தாலே இன்றும் மீசையைத் தடவுவார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியபின் மீசை கொட்டிவிட்டதால், வெறும் உதட்டைத் தடவுகிறார். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. எடை இன்னும் குறைந்தால் அடுத்த தவணை மருந்தை ஏற்ற முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வழக்கமான வாந்தி மாத்திரை எதுவும் கேட்கவில்லை என்று டாக்டரம்மா வேறொன்று எழுதினார். கஞ்சாச் செடியில் இருக்கும் அதே பொருள், தொழிற்சாலையில் செய்தது.

"நம்ம உடம்பே இதே மாதிரி ஒண்ணைச் சுரக்குது சார். அதைப் பிடிச்சுக்கிற இடம் மூளையில இருக்கு. இந்த மாத்திரை அங்க போய் உட்கார்ந்து வாந்தியை அடக்கும், பசியைக் கிளப்பும். சிலருக்குத் தலை சுத்தும், வண்டி மட்டும் ஓட்டாதீங்க."

"அப்ப சர்வீஸ் முழுக்க நானே சரக்கோடதான் திரிஞ்சேனா?" என்றார் இவர்.

"ஆமா சார்."

வீட்டுக்கு வந்ததும் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மாத்திரை அட்டையை உறைக்குள் போட்டு, பரணில் கிடந்த அரக்கை உருக்கி முத்திரை வைத்து, குறுக்கே கையெழுத்தும் போட்டுவிட்டார். பிடிபட்ட சரக்குக்கு முத்திரை வைத்தே கை பழகின பழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறை கழண்டுபோச்சா உங்களுக்கு? அதைப் பிரிங்க."

"ரெண்டு சாட்சி இல்லாம முத்திரையை உடைக்கக் கூடாது."

வீம்பு பிடித்தவரிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? கீழ்வீட்டுத் தையல்காரரைக் கழுத்தில் கிடந்த அளவு நாடாவோடு இழுத்து வந்தேன். ஒரு சாட்சி அவர், இன்னொன்று நான். முத்திரை உடைந்தது. இவர் மாத்திரையை மோந்து பார்த்து, "வாசனையே இல்ல, போலிச் சரக்கு," என்று முகம் சுளித்தபடி விழுங்கினார். பிறகு வண்டிச் சாவியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, போதை ஏறக் காத்திருந்தார். தையல்காரரும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

போதையும் ஏறவில்லை, ஒரு மண்ணும் ஏறவில்லை. வாய்தான் வறண்டது. குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றார்.

நான் அடுப்படிக்கு ஓடி, ரொட்டியை வாட்டி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கொண்டுவந்தேன். மென்றார். விழுங்கினார். நானும் தையல்காரரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டு பாதி காலியானதும் நிமிர்ந்தார்.

"முட்டையில உப்பு ஜாஸ்தி."

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைக் குறை சொல்லியே உயிரை எடுத்த மனுஷன், நோய் வந்தபின் ஒரு குறையும் சொல்லாமல் என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது.

"கொழுப்பைப் பாரு. பேசாம தின்னுங்க," என்றேன்.

முழுசாகத் தின்றார்.