என் வீட்டைத் தாண்டிப் போன கப்பல்

எங்கள் ஸ்ட்ரோமா தீவு ஆட்களுக்கு ஒரு திமிர் உண்டு. கடிகாரம் எதற்கு, கடல் சொல்லாதா என்போம். ஸ்காட்லாந்தின் வடகோடிக் கரைக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு மைல் தண்ணீர். ஆறு மணி நேரம் அது கிழக்கே ஓடும், ஆறு மணி நேரம் மேற்கே ஓடும். திசை மாறும்போது கொஞ்ச நேரம் அடங்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அக்கரை போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. கல்யாணமும் கருமாதியும் அதைப் பார்த்துத்தான் வைப்போம். இப்படியே பழகிப்போனவன் ஓட்டத்தைத்தான் கணக்குப் போடுவான், காற்றை மறந்துவிடுவான். நானும் மறந்தேன்.

ஏப்ரல் மாதம். என் மனைவி ஓஸ்லாவுக்கு நிறைமாதம். முதல் பிள்ளை செத்துத்தான் பிறந்தது, அதனால் இந்த முறை வீட்டில் யாரும் சத்தமாகக்கூடப் பேசவில்லை. காலையில் கிழக்கு முனையில் ஒரு கப்பல் வந்து, வழிகாட்ட ஆள் வேண்டும் என்று கொடி ஏற்றியது. இந்த நீரிணையைத் தெரியாத கப்பல்களுக்கு எங்கள் தீவு ஆண்கள்தான் முறை வைத்து வழி காட்டுவோம். அன்றைக்கு என் முறை.

"இன்னைக்குப் போவாதய்யா," என்றாள் ஓஸ்லா.

"வலி வந்துச்சா?"

"இல்ல. ஆனா உள்ள கெடக்கறது சும்மா கெடக்க மாட்டேங்குது. அப்பன் புத்தி, ஒரு எடத்துல தங்காது."

மருத்துவச்சி மேரியன் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீ இருந்து என்னத்தக் கிழிக்கப் போற? நாளைக்கோ நாளன்னைக்கோதான் ஆவும். போய்ட்டு வா. ஆம்பள குறுக்க நெடுக்க நடந்தா எனக்குக் கை ஓடாது."

"மேக்கால ஓடுற தண்ணியோட போறேன், நீரிணை முடியற டன்னெட் முனையில எறங்கறேன், திரும்புற தண்ணியோட வந்துடறேன். சாயங்காலம் கஞ்சிக்கு இருப்பேன்," என்றேன்.

"பாக்கலாம்," என்றாள் ஓஸ்லா.

வீட்டில் பேறுகாலம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் என் முறைக்குப் போயிருப்பான். சொல்ல வெட்கம். பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் என்று ஊர் பேசுமே. இந்தப் பாழாய்ப்போன வெட்கத்தை என்னவென்று சொல்ல.

அது நார்வேக் கப்பல், கனடாவில் மரம் ஏற்றுவதற்காகக் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் பெயர் ஹால்வர்சன், அவரோடு பதினாலு பேர். ஓஸ்லாவின் தம்பி சாண்டர்ஸும் இன்னும் இரண்டு பேரும் என்னைப் படகில் கொண்டுவந்து விட்டார்கள். படகை ஆட்களோடு கப்பலின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போவது வழக்கம். வேலை முடிந்ததும் அதில் இறங்கித் திரும்ப வேண்டியதுதான்.

தண்ணீர் மேற்கே இழுக்க ஆரம்பித்திருந்தது. தென்கிழக்குக் காற்றும் பின்னாலிருந்து தள்ளியது. சுக்கான் பிடித்தவனிடம் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அக்கரை தேவாலயத்தின் வெள்ளைச் சுவரை ஒரு கண்ணும் எங்கள் தீவின் தெற்குப் பாறையை ஒரு கண்ணும் பார்த்துக்கொண்டிருந்தன. காற்று கூடிக்கொண்டே போனதை உடம்பு உணர்ந்தது, மண்டைக்கு உறைக்கவில்லை.

தீவை ஒட்டிப் போகும்போது என் வீடு வந்தது. கூரைமேல் வெள்ளைத் துப்பட்டி விரித்திருந்தார்கள். வீட்டு ஆண் கடலில் இருக்கும்போது உள்ளே உயிருக்கு ஆபத்து என்றால் எங்களிடம் அதுதான் அடையாளம். மேரியன் கரையை நோக்கி ஓடி வந்தாள். அவளுக்கு எழுபது வயது, அவள் ஓடி நான் பார்த்ததே கிடையாது. நானூறு கஜம் இருக்கும், அவ்வளவுதான் தூரம்.

பின்னால் படகிலிருந்து சாண்டர்ஸும் பார்த்துவிட்டான். "மச்சான், எறங்கு. கயித்தப் புடிச்சு எறங்கிடு."

நான் பின்பக்கம் ஓடினேன். கேப்டன் கூடவே வந்தார்.

"என்ன ஆச்சு?"

"அது என் வீடு. பொண்டாட்டிக்குப் பிரசவம்."

அவர் வீட்டைப் பார்த்தார், பிறகு முன்னால் பார்த்தார். முன்னால் அக்கரையின் மே என்கிற முனையிலிருந்து குறுக்கே கடல் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மேற்கே ஓடும் தண்ணீர் பெருங்கடலின் அலையோடு மோதும் இடம் அது. கூத்தாடிகள் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். அதற்குள் போக ஒரே ஒரு வழிதான் உண்டு. கப்பல் அங்கே போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகாது.

"நீங்க எறங்கிட்டா எனக்கு யாரு வழி சொல்றது?" என்று கேட்டார்.

அவர் அதட்டியிருந்தால் குதித்திருப்பேன். மனுஷன் தணிவாகக் கேட்டுவிட்டார். சுக்கான் பிடித்திருந்தவனும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான், இருபது வயதுகூட இருக்காது.

கப்பலை நிறுத்து என்று யாரிடம் சொல்ல? பாயை இறக்கினாலும் தண்ணீர் விடாது, பாறையில் கொண்டுபோய் வைக்கும். அன்றைக்கு அடித்த காற்றில் படகையும் இழுத்துக்கொண்டு கூத்தாடிகளுக்குள் போனால் படகு மூழ்கும். நானே கயிற்றை அவிழ்த்து விட்டேன்.

"அக்கரை டாக்டரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா மாப்ள," என்று கத்தினேன்.

"தண்ணி அடங்காம எப்படிப் போறது?" என்று அவன் கத்தினது கேட்டது. அதற்குப் பிறகு அவன் சொன்னதெல்லாம் காற்றில் போய்விட்டது.

பிறகு ஒரு மணி நேரம் நல்ல வேலை செய்தேன், பொய் சொல்லக் கூடாது. இடது, வலது, அப்படியே போ. என் வாயால் ஆணையிட்டு என்னையே என் வீட்டிலிருந்து தூரமாகக் கொண்டுபோனேன். டன்னெட் முனைக்கு வெளியே வந்தபோது காற்று புயலாகிவிட்டது. சொந்தப் படகு இல்லாமல் வரும் வழிகாட்டியை இறக்கிக்கொள்ள அங்கே கரையிலிருந்து ஒரு படகு வருவதுண்டு. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்றில் வெளியே வந்தால் அது திரும்ப முடியாது, அதனால் வரவில்லை. காற்றை எதிர்த்து முனையை ஒட்டிய விரிகுடாவுக்குள் நுழையக் கப்பலுக்கும் வலு இல்லை. கேப்டன் தொப்பியைக் கழற்றி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னித்து என்ன ஆகப்போகிறது.

கனடா போய்ச் சேர நாற்பத்தோரு நாள். எனக்கு வேலையே கிடையாது. அந்தக் கடலில் எனக்குத் தெரிந்த பாறை ஒன்றுகூட இல்லை. பட்டாணி சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குதித்திருந்தால் மட்டும் தண்ணீர் என்னை வீட்டுக்கா கொண்டுபோயிருக்கும், அதுவும் மேற்கேதான் இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். உண்மைதான். ஆனால் அக்கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் தீவுக்குப் பக்கத்தில் கிடந்திருப்பேனே என்று தோன்றும். அழுவேன். யாரும் கவனிக்காத மாதிரி இருப்பார்கள். நல்ல பையன்கள்.

குவிபெக் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தாவைப் பிடித்து வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். பதிலுக்குக் காத்திருக்க வழியில்லை. ஊர்ப் பக்கம் போகும் மரக்கப்பலில் இடம் கிடைத்து, ஸ்காட்லாந்தின் மேற்குக்கரைத் துறைமுகமான கிரீனாக்கில் இறங்கியபோது செப்டம்பர். அங்கிருந்து வண்டியிலும் நடையிலுமாக எங்களுக்கு எதிர்க்கரையான ஹூனாவுக்கு வந்தேன். சாண்டர்ஸ் அங்கே இருந்தான். மாவு வாங்க வந்தவன் தண்ணீர் அடங்கக் காத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டான்.

"எளச்சுட்ட மச்சான்."

"என் கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சு. பதிலை எங்கன்னு எழுதறது? கடலுக்கா போட முடியும்?" என்றான். பிறகு, "உருளைக்கெழங்கு இந்த வருஷம் பரவால்ல. உன் மாடு கன்னு போட்டிருக்கு," என்றான்.

"மாடு கெடக்குது. கொழந்தை?"

"இருக்கு. பொண்ணு. கத்துனா பக்கத்துத் தீவுக்கே கேக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். முதல் பெண்ணுக்கு மனைவியின் அம்மா பெயரை வைப்பது எங்கள் வழக்கம்.

"மார்ஜரின்னு கிழவி பேரை வெச்சுட்டீங்களா?"

அவன் மாவு மூட்டையின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"இல்ல மச்சான். ஓஸ்லான்னு வெச்சிருக்கோம்."

தாய் உயிரோடு இருக்கும்போது அவள் பெயரை மகளுக்கு எங்கள் தீவில் வைக்க மாட்டார்கள்.

"எப்போ?" என்றேன்.

"அன்னைக்கேதான். தண்ணி எங்களை இந்தக் கரையில கொண்டாந்து போட்டுச்சு. ஓடிப் போய் டாக்டரைக் கூட்டியாந்துட்டேன். இதோ இந்த எடத்துலதான் அவரும் நானும் நின்னோம். தண்ணி அடங்கல. அடங்கி நாங்க போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் படகருகே போய் அதைத் தள்ளினேன். சாண்டர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப முடியாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். எதிரே என் வீடு தெரிந்தது. வாசலில் புள்ளியாக யாரோ ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள், கையில் குழந்தையாகத்தான் இருக்கும். நீரிணை முழு வேகத்தில் மேற்கே ஓடியது. அது அடங்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. நாங்கள் உட்கார்ந்தோம்.